புரோலாப்ஸ் – இறக்கம்

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்கள், கருப்பை, சிறுநீர்ப்பை போன்ற உறுப்புகள் இடம் நழுவிக் கீழே இறங்குவதை 'புரோலாப்ஸ்' என்று சொல்வதில்லை. "அடி இறங்கிடுச்சு சிஸ்டர்", "சாயங்காலமானா கீழ சதை மாதிரி தட்டுப்படுது" என்பார்கள். பலர் அதையும் சொல்லக் கூச்சப்பட்டு, இடுப்பு வலி, வெள்ளைப்படுதல் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதனால் செவிலியர்தான் கேட்க வேண்டும்: கீழே கனமாக இருக்கிறதா, படுத்தால் குறைகிறதா, சிறுநீர் முழுதாகப் போக விரலால் உள்ளே தள்ளிவிட வேண்டியிருக்கிறதா?

புரோலாப்ஸ், 'முன்னோக்கி நழுவு' என்னும் பொருளுள்ள 'புரோலாபி' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. நேர்ப்பொருள் பார்த்தால் 'நழுவல்' பொருந்தும். ஆனாலும் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் 'இறக்கம்'தான் சரியான சொல் என்பேன். கருப்பை இறக்கம், சிறுநீர்ப்பை இறக்கம், மலக்குடல் பிதுக்கம். எல்லாவற்றுக்கும் பொதுவாக இடுப்புக்குழி உறுப்பிறக்கம். வெறுமனே 'குடலிறக்கம்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. தமிழில் அது ஹெர்னியாவுக்கு நிலைத்துவிட்ட பெயர்.

அளவிடும் இடத்தில்தான் குழப்பம் அதிகம். 1972இல் வந்த பேடன்–வாக்கர் என்னும் தரம்பிரிக்கும் முறையில் இறக்கம் கன்னிச்சவ்வின் (யோனி வாயிலில் உள்ள சவ்வு) மட்டத்தைத் தொட்டால் தரம் 2. 1996இல் வந்த பாப்-கியூ (POP-Q, இடுப்புக்குழி உறுப்பிறக்க அளவீடு) முறையில் நிலை 2 என்பது அந்த மட்டத்துக்கு 1 செ.மீ. உள்ளேயிருந்து 1 செ.மீ. வெளியே வரை. அதற்கும் மேலே உள்ளடங்கியிருந்தால் நிலை 1, 1 செ.மீ.க்கு மேல் வெளியே வந்தால் நிலை 3; யோனி ஏறக்குறைய முழுதும் புரண்டு வெளிவந்தால் நிலை 4. இறக்கமே இல்லையென்றால் 0. பழைய 'டிகிரி' கணக்கிலோ கருப்பை வாய் எங்கே நிற்கிறது என்பதுதான் அளவுகோல். ஆகவே நோயாளிக் குறிப்பில் 'செகண்ட் டிகிரி' என்று மட்டும் இருந்தால், அடுத்து வரும் மருத்துவர் எந்தக் கணக்கில் அதைப் படிப்பார்?

இன்னொன்று: படுத்தபடி சும்மா பார்த்தால் இறக்கம் உள்ளே ஒளிந்துகொள்ளும். சிறுநீர் கழித்துவரச் சொல்லி, திரை போட்டு, "நல்லா முக்குங்கம்மா" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நிற்க வைத்துப் பார்க்கலாம். வெளியே தங்கிவிட்ட சதையில் புண், இரத்தக்கசிவு உண்டா என்பதும் குறிப்பில் வர வேண்டும். நிலையை உறுதிசெய்வது மருத்துவர். செவிலியர் கண்டதை அளவோடும் முறையின் பெயரோடும் எழுதட்டும்: 'முக்கும்போது கருப்பை வாய் கன்னிச்சவ்வுக்கு 2 செ.மீ. வெளியே, பாப்-கியூ நிலை 3, புண் இல்லை.'