கருத்துக் கேட்டு வரும் கடிதம் நிராகரிப்பு அல்ல

சென்ற வாரம் தர்மபுரத்திலிருந்து வந்த ஒரு தாய், அவுஸ்திரேலியாவிலுள்ள மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கடிதத்தின் படத்தைக் காட்டி, "விசாவை மறுத்துப்போட்டாங்கள் சேர்" என்று அழுதார். பெருப்பித்து வாசித்தேன். மறுத்ததாக அதில் ஒரு வரிகூட இல்லை. அண்ணன் காணாமற்போனது 2009 என்று விமான நிலைய விசாரணையில் சொன்ன மகன், அகதி விசா விண்ணப்பத்தில் 2008 என்று எழுதியிருந்தார். இந்த முரண்பாட்டுக்கு உங்கள் விளக்கம் என்ன என்பதே அதிகாரியின் கேள்வி. பதிலளிக்க வேண்டிய திகதி கடந்து ஒன்பது நாட்களாகியிருந்தன.

இப்படி வந்த குடும்பங்களில் இது இவ்வாண்டின் ஐந்தாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

தயவுசெய்து இதை மனத்தில் இருத்துங்கள்: கருத்துக் கேட்கும் கடிதம் தீர்மானம் அல்ல. விண்ணப்பதாரரைப் பற்றித் தம்மிடமுள்ள பாதகமான தகவலை அவரிடமே காட்டிப் பதில் கேட்காமல், அதைக் காரணமாக வைத்து மறுக்கக்கூடாது என்று அந்நாட்டின் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் அதிகாரியைக் கட்டுப்படுத்துவதால்தான் அக்கடிதம் வருகிறது. மறுக்க முடிவெடுத்து முடித்தவர் விளக்கம் கேட்டு எழுதமாட்டார், மறுப்பையே அனுப்புவார். இந்த உரிமையை நிலைநாட்டியதில் நம்மவருக்கும் பங்குண்டு. கிறிஸ்மஸ் தீவுக்குப் படகில் சென்ற இரண்டு இலங்கைத் தமிழரின் வழக்கில், நாட்டு நிலைமை பற்றிய பாதகமான தகவல்களை அவர்கள்முன் வைக்காமலே அவர்களுக்கு எதிராக முடிவுசெய்தது நடைமுறை நீதிக்கு, அதாவது ஒருவருக்கு எதிராக முடிவெடுக்குமுன் அவர் தரப்பைக் கேட்கவேண்டும் என்ற நியதிக்கு, முரணானது என்று 2010 நவம்பர் 11இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

நடைமுறை நீதி என்பது கேட்டது கிடைக்கும் என்ற உறுதி அன்று. மறுப்புக்கு எதிராகப் பின்னர் நீதிமன்றம் சென்றாலும், அது விசா வழங்குவதில்லை. சட்டத் தவறு இருந்தால் மட்டுமே தீர்மானத்தை ரத்துச் செய்து மீளப் பரிசீலிக்க அனுப்பும். அதற்கும் 35 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே, "கோர்ட்டில பாப்பம்" என்று கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

மூத்த மகன் காணாமற்போன காலத்தைத் தாயிடம் கேட்டேன். "கிளிநொச்சியால வெளிக்கிட்டுத் தர்மபுரத்தில இருக்கேக்க, மாரி தொடங்கிட்டுது, தறப்பாளுக்குள்ள வெள்ளம்" என்றார். கிளிநொச்சி நகரம் 2009 ஜனவரி 2இல் இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்கு முந்திய மாரி என்றால் 2008இன் இறுதி. விண்ணப்பித்த மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வன்னியில் எவரும் அந்த மாதங்களை நாட்காட்டியால் நினைவுகூருவதில்லை. எந்த ஊரில், எந்தத் தறப்பாளின் கீழ் இருந்தோம் என்றுதான் நினைவுகூருகிறோம். அதிகாரிக்கு இது தெரியாது. அதை எழுதுவதே பதில்.

கதையை மாற்றாதீர்கள். விண்ணப்பத்துடன் பொருந்தவேண்டும் என்பதற்காகக் கிராம அலுவலரிடம் புதுத் திகதியிட்ட கடிதம் கேட்காதீர்கள். அவர் கண்டிராததை அவர் எழுதினால் சரியான பத்திரங்களும் சந்தேகத்துக்குள்ளாகும். தாயின் சத்தியக்கடதாசியில் அவர் கண்டதும் நினைவில் இருப்பதும் மட்டும் வரட்டும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். கடிதம் கிடைத்த அன்றே முழுப் பக்கங்களையும் அனுப்பச் சொல்லுங்கள். திகதி முடியுமுன்னரே அங்குள்ள சட்டத்தரணி மூலம் எழுத்தில் கால அவகாசம் கேட்கலாம்.

திகதி கடந்திருந்தாலும், தீர்மானம் எடுக்கப்படும்வரை கிடைக்கும் பொருத்தமான தகவலை அதிகாரி கவனத்திற் கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தீர்மானம் இன்னும் வரவில்லை என்று மகன் தொலைபேசியில் உறுதிசெய்தார். தாயின் சத்தியக்கடதாசி அன்று மாலையே அவருடைய சட்டத்தரணிக்குப் போய்ச் சேர்ந்தது.