டம்ளருக்குள் சிக்கிய டம்ளர்: டிராவல் டிரெய்லர் மேசை ஏன் ஆடுகிறது, ஏன் கழல மறுக்கிறது?

ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அழுத்தி வைத்தால் மறுநாள் காலையில் இரண்டு கைகளாலும் இழுத்தாலும் பிரியாது. பசையோ திருகோ அங்கே இல்லை. இரண்டின் சுவரும் லேசாகச் சரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் டிராவல் டிரெய்லரின் சாப்பாட்டு மேசையும் இதே சூட்சுமத்தில்தான் நிற்கிறது.

அமெரிக்காவில் ஓடும் இத்தகைய டிரெய்லர்களில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், நடுவே ஒரு மேசை. இந்த அமைப்புக்கு டினெட் என்று பெயர். பகலில் சாப்பிடவும் படிக்கவும் அது மேசை. இரவில் பலகையைக் கழற்றி பெஞ்சு உயரத்துக்கு இறக்கி மேலே மெத்தையைப் பரப்பினால் கட்டில். தினமும் இரண்டு முறை கழற்றி மாட்ட வேண்டிய மேசை என்பதால் திருகாணி போட்டு நிரந்தரமாக இறுக்க முடியாது. அதனால் காலின் இரு முனைகளையும் சற்றே கூம்பலாக்கி, அதே சரிவுள்ள கிண்ணத்தில் செருகிவிடுகிறார்கள். ஒரு கிண்ணம் தரையில் இருக்கும், இன்னொன்று பலகையின் அடியில் இருக்கும். கால் என்பது சுமார் 57 மி.மீ. விட்டமுள்ள உள்ளீடற்ற குழாய்.

இந்தக் கூம்பு ஆப்புபோலப் பிடித்து நிற்பதற்குக் காரணம் உராய்வு. உலர்ந்த உலோகப் பரப்புகளுக்கு இடையே உராய்வுக் குணகம் சுமார் 0.2 என்று வைத்துக்கொண்டால், உராய்வுக் கோணம், அதாவது சரிவில் வைத்த பொருள் நழுவத் தொடங்கும் கோணம், ஏறத்தாழ 11 டிகிரி. கூம்பின் சரிவு அதைவிடக் குறைவாக இருக்கும்வரை, உள்ளே இறங்கிய கால் தானாக வெளியே வராது. மேசைக்காலின் சரிவு சில டிகிரிதான். லேத் பட்டறையில் டிரில் பிட்டை இயந்திரத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் செருகிப் பிடிக்க வைக்கும் மோர்ஸ் டேப்பர் என்ற கூம்பும் இதே கணக்குதான்.

கழற்ற வராத காலுக்கு எண்ணெய் விடுவது பலரும் செய்யும் தவறு. எண்ணெய் பட்டால் உராய்வு குறைவது உண்மை. ஆனால் அடுத்த முறை மாட்டும்போது அதே அழுத்தத்துக்குக் கால் இன்னும் ஆழமாக இறங்கும், கிண்ணத்தின் சுவரை இன்னும் அதிகமாக விரிக்கும். எண்ணெயில் தூசியும் மணலும் ஒட்டிக்கொண்டால் கால் நேராக உட்காராமல் சாய்ந்து பிடிக்கும். கூம்புக்கு வேண்டியது சுத்தமான, உலர்ந்த பரப்பு. தரையில் பதிந்த கிண்ணத்தில் ரொட்டித் துகளும் மணலும் சேராமல் இருக்காது. குச்சியில் துணி சுற்றி, ஸ்பிரிட் நனைத்து, மாதம் ஒருமுறை துடைத்தால் போதும்.

இறுகிப்போன காலை எடுக்கும் வழியையும் இயற்பியலே சொல்லிக்கொடுக்கிறது. உராய்வு விசை எப்போதும் பரப்பு நழுவும் திசைக்கு எதிராகவே நிற்கும். காலைச் சுழற்றிக்கொண்டிருந்தால் உராய்வு முழுவதும் அந்தச் சுழற்சியை எதிர்ப்பதில் செலவாகிவிடும். மேல்நோக்கி இழுப்பதைத் தடுக்க அதனிடம் அதிகம் மிச்சமிராது. ஆகவே பலகையை இழுத்து மல்லுக்கட்டாமல், காலை இரு கைகளாலும் பற்றி இடமும் வலமும் திருகியபடியே தூக்க வேண்டும். கை வழுக்கினால் ரப்பர் பட்டை ரெஞ்சைச் சுற்றித் திருகலாம். பைப் ரெஞ்சைப் போட்டால் அதன் பற்கள் குழாயைக் கீறிவிடும். மெல்லிய குழாய் நசுங்கவும் கூடும்.

அப்படியும் வரவில்லையென்றால் கிண்ணம் அலுமினியம்தானா என்று பாருங்கள். அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹேர் டிரையரைக் கிண்ணத்தின்மீது மட்டும் காட்டி 60 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால், 57 மி.மீ. துளை சுமார் 0.08 மி.மீ. அகலும். கேட்கச் சிறிதாக இருந்தாலும் ஆப்பு விடுபட அது தாராளம். கிண்ணம் பிளாஸ்டிக்காக இருந்தால் சூடு காட்டவே கூடாது. கடற்கரையோரம் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்பு ஈரத்தால் வெள்ளைப் பொடியாக அரிப்பு பூக்கும். அங்கே மட்டும் துரு இளக்கும் எண்ணெயை ஒரு இரவு ஊறவிடலாம். கால் வந்த பிறகு எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் துடைத்து, அரிப்பை 400 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

இனி ஆட்டம். மேசை ஆடுகிறது என்றதும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன், எங்கே ஆடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒற்றைக்கால் மேசையில் நான்கு இணைப்புகள் உண்டு: தரையும் கீழ்க்கிண்ணமும், கீழ்க்கிண்ணமும் காலும், காலும் மேல்கிண்ணமும், மேல்கிண்ணமும் பலகையும். ஒருவர் பலகையின் ஓரத்தை மெல்ல ஆட்டட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் ஆள்காட்டி விரலை இரண்டு பாகங்களையும் தொடுமாறு வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத கால் மில்லிமீட்டர் அசைவும் விரல்நுனிக்குத் தெரிந்துவிடும்.

ஆட்டம் கூம்பில் இருந்தால் சாக்பீஸ் போதும். காலின் முனை முழுவதும் சாக்பீஸைத் தேய்த்து, கிண்ணத்தில் செருகி, கால்வாசிச் சுற்று திருப்பி வெளியே எடுங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கேதான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. நல்ல கூம்பில் சுற்றிலும் பரவலாக அழிந்திருக்கும். மேல் விளிம்பில் மட்டும் வளையமாக அழிந்திருந்தால் கிண்ணத்தின் அடிப்பகுதி தேய்ந்து அகன்றுவிட்டது என்று பொருள். இரண்டு எதிரெதிர்ப் புள்ளிகளில் மட்டும் அழிந்திருந்தால் குழாயின் முனை அடிபட்டு முட்டை வடிவமாகிவிட்டது. டேப்பைச் சுற்றி இடைவெளியை அடைப்பவர்கள் உண்டு. ஒரு பயணத்துக்குத் தாங்கும். கிண்ணமும் காலும் தனித்தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. தேய்ந்ததை மாற்றிவிடுவதே முறை. இரண்டு கால் மேசையென்றால் இன்னொன்றையும் அளந்துகொள்ளுங்கள்: தரைக்கிண்ணங்களின் மையத்திலிருந்து மையம்வரை உள்ள தூரமும் பலகைக்கிண்ணங்களின் தூரமும் 2 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் எந்தக் காலும் முழுதாக உட்காராது.

எங்கள் கணிப்பில் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை ஸ்க்ரூக்கள். சாப்பிட்டு முடித்து எழுபவர் மேசை ஓரத்தில் கையூன்றுகிறார். அந்த அழுத்தம் 200 நியூட்டன், அதாவது சுமார் 20 கிலோ எடை, காலிலிருந்து 40 செ.மீ. தள்ளி விழுகிறது என்று கொள்வோம். கிண்ணத்தின் தட்டு சுமார் 16 செ.மீ. விட்டமுள்ளது. பலகை அந்தத் தட்டின் அருகு விளிம்பை அச்சாகக் கொண்டு கவிழப் பார்க்கும். மறுபக்கத்து ஸ்க்ரூக்கள்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். கணக்குப் போட்டால் அவற்றின்மீது வரும் இழுவிசை ஏறத்தாழ 470 நியூட்டன்; 48 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். இதைத் தாங்குபவை மரத்துக்குள் ஒன்றரை செ.மீ. மட்டுமே இறங்கிய இரண்டு மூன்று ஸ்க்ரூக்கள். பலகை மரத்தூளை அழுத்திச் செய்ததாக இருந்தால், மரை பிடித்திருந்த துகள்கள் ஒவ்வொரு முறையும் சிறிது நொறுங்கும். சாலை அதிர்வு மிச்சத்தை முடித்துவிடும். பிறகு ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் வெறுமனே சுற்றும். பவர் டிரில் கொண்டு இறுக்கினால் எஞ்சிய மரையும் போய்விடும்.

மிக எளிய வைத்தியம், கிண்ணத்தைக் கழற்றி சில டிகிரி திருப்பி வைத்துப் புதிய இடத்தில் துளையிடுவது. ஸ்க்ரூ 10ஆம் எண் என்றால் வழிகாட்டித் துளை 3 மி.மீ. பலகையைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடாதபடி, வேண்டிய ஆழத்தில் டிரில் பிட்டில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பழைய துளையையே பயன்படுத்த வேண்டுமானால் 10 மி.மீ. அளவுக்கு அகலமாக்கி, பொடித்துகளை ஊதி எடுத்து, எபாக்சிப் பசையோடு மெல்லிய மரத்தூளைப் பிசைந்து நிரப்பலாம். 24 மணி நேரம் கழித்துத் துளையிட வேண்டும். மரக்குச்சியை அடித்து ஒட்டுவதும் வழக்கம்தான். ஆனால் குச்சியில் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. ஸ்க்ரூவும் அதே திசையில் இறங்குவதால் மரை நார்களை வெட்டிப் பிடிக்காமல் பிளந்துகொண்டு போகும். நார் குறுக்காக இருக்கும்படி பலகையிலிருந்து வெட்டியெடுத்த வட்ட மூடி அதைவிட நன்றாகப் பிடிக்கும். பல்குச்சி செருகுவது அவசரத்துக்கு மட்டும்.

பலகையே நொய்ந்திருந்தால் 12 மி.மீ. தடிமனும் 30 செ.மீ. சதுரமும் உள்ள பிளைவுட்டை அடியில் மரப்பசையால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு இரவு விட்டு, அதன்மேல் கிண்ணத்தைப் பொருத்துங்கள். கவிழ்க்கும் விசை 16 செ.மீ. வட்டத்தில் நெரிபடாமல் 30 செ.மீ. சதுரத்துக்குப் பரவும். மேசை 12 மி.மீ. உயரும். யாருக்கும் அது தெரியாது.

தரையில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. பல டிரெய்லர்களில் தரை என்பது 16 மி.மீ. பலகை, அதன் கீழே வெப்பக்காப்பு, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, சில வண்டிகளில் தொட்டி. நீளமான ஸ்க்ரூ போட்டால் பிடிக்கும் என்று நினைத்துக் குழாயைத் துளைத்துவிடக்கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தரைக்கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் சரிசெய்த பிறகும் திரும்பத் திரும்பக் கழன்றால், சுற்றிலும் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் தரை ஊறிப்போயிருக்கிறது. சன்னல் ஓரத்திலோ சுவர் மூலையிலோ கசியும் மழைநீர் தரைப்பலகைக்கு அடியில் ஓடி வந்திருக்கலாம். ஆடும் மேசை அதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். கசிவை அடைக்காமல் மேசையைச் சரிசெய்வது வீண் உழைப்பு.

கட்டிலாகும்போது எடையைத் தாங்குவது கால் இல்லை. இரு பெஞ்சுகளின் பக்கவாட்டில் அறைந்த தாங்குபட்டைகள்தான். பலகை ஒவ்வொரு பட்டையின்மீதும் குறைந்தது 2 செ.மீ. படிந்திருக்க வேண்டும். பட்டையைப் பசை போட்டு ஸ்க்ரூவும் போடுங்கள். வெறும் ஸ்க்ரூ மட்டும் என்றால் பெஞ்சின் மெல்லிய முகப்புப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பயணத்தின்போதும் மேசை இந்த நிலையில் இருப்பதே நல்லது. கால்களைக் கழற்றி பட்டையால் கட்டி வைக்க வேண்டும். நிமிர்ந்த மேசையோடு வண்டி ஓடினால் பலகையின் முழு எடையும் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சின்ன ஸ்க்ரூக்களை உலுக்கும்.

சில புதிய டிரெய்லர்களில் கழற்றும் கால் இல்லை. நெம்புகோலை அழுத்தினால் ஏறி இறங்கும் கேஸ் ஸ்பிரிங் மேசை இருக்கும். உருளைக்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைபட்டிருக்கிறது. வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்குவதால், 20 டிகிரியில் தூக்கியதைவிட 0 டிகிரியில் சுமார் 7 சதவீதம் பலம் குறையும். குளிர்காலக் காலையில் மேசை சோம்பலாக எழுந்தால் உடனே பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். வெயில் வந்த பிறகும் எழவில்லையென்றால் சீல் தேய்ந்து வாயு கசிந்திருக்கும். உருளைமீது அச்சிட்ட நியூட்டன் எண், விரிந்த நீளம், தண்டின் ஓட்டம் மூன்றும் ஒத்த புதியதைப் போட வேண்டும். வடிவமைப்பு இடம் கொடுத்தால் தண்டு கீழ்நோக்கி இருக்கட்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்து வைக்கும்.

நெம்புகோலைத் தொடாதபோதே மேசை மெல்ல இறங்கினால் புது ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் தண்டின் தலையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறிய ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது அழுந்தினால் உள்ளே வால்வு திறக்கும். தலைப்பகுதியை அளவுக்கு மீறித் திருகி இறக்கியிருந்தாலோ, இழுக்கும் கேபிள் தளர்வே இல்லாமல் இறுகியிருந்தாலோ, ஊசி எப்போதும் கொஞ்சம் அழுந்தியபடியே இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, தலையை அரைச் சுற்று அரைச் சுற்றாகப் பின்னுக்குத் திருப்பி, ஒவ்வொரு முறையும் மேசையில் கையூன்றிப் பாருங்கள். மேசை நின்றதும் நட்டை மறுபடி இறுக்கலாம். பழைய உருளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அறுக்கவோ துளைக்கவோ தீயில் போடவோ கூடாது; எழுப்பும் பலம் போன பிறகும் அதற்குள் ஆளைக் காயப்படுத்தும் அளவுக்கு அழுத்தம் மிச்சமிருக்கலாம்.