வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்று சீட்டில் எழுதிய பிறகு: காப்பீட்டு அட்டைக்காகக் காத்திருக்காதீர்கள்

தமிழ்நாட்டில் 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. பரிசோதனைக்கு முந்தைய நாளும் அதற்குப் பிந்தைய மாதங்களும்தான் பெண்களை அலைக்கழிக்கின்றன.

சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதியிருந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. வி.ஐ.ஏ. என்ற அமிலப் பரிசோதனையில், கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் கழித்துப் பார்க்கும்போது வெண்மையாகத் தெரிகிற பகுதியைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். வெறும் அழற்சியால்கூட அந்த வெண்மை தோன்றலாம். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ், கருப்பைவாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகளின் வழியே அடித்தளச் செல்களுக்குள் புகுகிறது. பெரும்பாலான பெண்களின் உடல் இரண்டு ஆண்டுகளுக்குள் அதைத் தானே வெளியேற்றிவிடுகிறது. வெளியேறாமல் தங்கிவிட்டால், குறிப்பாக 16, 18 ஆகிய வகைகள் தங்கிவிட்டால், அவை உருவாக்கும் இ6 என்ற புரதம் பழுதான செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற காவல் புரதத்தை அழிக்கிறது. இ7 என்ற புரதம் செல் பிரிதலுக்குக் கடிவாளமாக இருக்கும் இன்னொரு புரதத்தைச் செயலிழக்கச் செய்கிறது. காவல் போன செல்கள் பழுதோடு பெருகி, வழக்கமாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாகின்றன, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளே ஆகலாம். உடல் இவ்வளவு நீண்ட அவகாசம் தருகிறது. ஆனால் இன்று பாசிட்டிவ் ஆன பெண்ணின் உடலில் அதில் எத்தனை ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன என்பதை வெண்மையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் 47 வயது அக்கா ஒருவருக்கு அந்தச் சீட்டு கிடைத்தபோது, மேல் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு மேசைக்காரர், “முதல்ல இன்சூரன்ஸ் கார்டு எடுத்துட்டு வாங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். குடும்ப அட்டையில் மகனின் வருமானத்தையும் சேர்ப்பதா என்ற சிக்கலில், அந்தக் காப்பீட்டு அட்டைக்கு வேண்டிய வருமானச் சான்றிதழ் இரண்டு முறை திரும்பியது. நான்கு மாதங்கள் போயின. மஞ்சள் பையில் பூ நாரோடு மடித்து வைத்திருந்த சீட்டை அவர் என்னிடம் காட்டியபோது எழுத்தே பாதி அழிந்திருந்தது. அரசு மருத்துவமனையில் கால்போஸ்கோப்பிக்கும் (கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது) சதைப் பரிசோதனைக்கும் (பயாப்சி) அந்த அட்டை நிபந்தனையே அல்ல. மகளிர் நோய்ப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டால் போதும். அட்டை இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், காரணத்தை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பல காரணங்கள் மறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, சிகிச்சை தேவைப்படும் கட்டத்தில், குறிப்பாகத் தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் உதவும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பெயர் குடும்ப அட்டையில் இல்லாதவருக்கு இதில் இடமில்லை என்பதுதான் பெண்களை அதிகம் சிக்கவைக்கும் விதி: திருமணமாகிப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, கணவர் வீட்டு அட்டையில் இன்னும் சேர்க்கப்படாத பெண் இரண்டு வீட்டுக்கும் வெளியே நிற்கிறார். ஆகவே பெயர்ச் சேர்க்கையை நோய் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறலாம் என்று தனியார் மருத்துவமனையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது முன் அனுமதி பெற்று நடக்கும் கட்டணமில்லாச் சிகிச்சை. மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்திருப்பது மட்டும் போதாது, புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் சேர்ந்திருக்கிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பரிசோதனைக்கு மாதவிடாய் நாட்களில் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே நகர்ந்துவிடுவதால் அமிலப் பரிசோதனை ஏமாற்றலாம்; அவர்கள் பாப் ஸ்மியர் (கருப்பைவாய்ச் செல்களைச் சுரண்டியெடுத்துப் பார்ப்பது) அல்லது எச்.பி.வி. பரிசோதனை செய்ய முடியுமா என்று கேட்க வேண்டும். உடலுறவுக்குப் பின்னோ மாதவிடாய் நின்ற பின்னோ இரத்தம் பட்டால், பரிசோதனை முகாமுக்காகக் காத்திருக்காமல் நேரே மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே வயது வரம்பு கிடையாது. எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் பரிசோதனை அவசியம், ஏனென்றால் ஊசி எல்லா வகைகளையும் தடுக்காது, ஏற்கெனவே உள்ளே புகுந்த வைரஸை விரட்டவும் செய்யாது.

சதைப் பரிசோதனை முடிவு தானாக வீட்டுக்கு வந்து சேரும் என்று இருந்துவிடாதீர்கள். “கூப்பிடுறோம்” என்று சொல்லும்போது, பதிவேட்டில் எழுதியிருப்பது யாருடைய எண் என்று பாருங்கள். அந்த அக்காவின் பெயருக்கு எதிரே எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட மகனின் பழைய எண்தான் இருந்தது. முடிவு எந்தத் தேதியில், எந்த அறையில் கிடைக்கும் என்று கேட்டு, ஆய்வக எண்ணையும் குறித்துக்கொண்டு, அன்று நீங்களே போய் வாங்குங்கள். அதில் சி.ஐ.என். 2 அல்லது 3 என்று இருந்தால், அது இன்னும் புற்றுநோயாகாத மாற்றம்தான். கெட்ட பகுதியைக் குளிர்வித்தோ சுட்டோ வெட்டியோ அகற்றிவிட முடியும், பெரும்பாலும் கருப்பையை எடுக்க வேண்டியிராது. ஓராண்டு கழித்து மறுபரிசோதனைக்கு வர வேண்டிய தேதியை அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.