டாக்டர் ஹூ: எந்த வயதுக்கு எந்த எபிசோட்?

"சின்னப் பிள்ளைங்க பார்க்கிற தொடர்தானே" என்று ஆறு வயதுக் குழந்தையை டாக்டர் ஹூ முன்னால் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்கள் உண்டு. "பேய்ப் படம் மாதிரி இருக்கு, நிறுத்து" என்று பதினோரு வயதுப் பிள்ளையின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் செய்யும் தவறு ஒன்றுதான்: 1963இல் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடரை மொத்தமாகத் தராசில் வைக்கிறார்கள். இந்தத் தொடருக்கு ஒரே வயது கிடையாது. எபிசோடுக்கு எபிசோட் வயது மாறுகிறது, சில நேரம் ஒரே வாரத்துக்குள் ஐந்து வயது ஏறி இறங்குகிறது.

குழப்பத்துக்குக் காரணம் அது பிறந்த விதம். 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மேல், விளையாட்டு நிகழ்ச்சி முடிந்து பாப் இசை நிகழ்ச்சி தொடங்குவதற்கு இடைப்பட்ட நேரத்தை நிரப்பத்தான் பிபிசி இதைத் தயாரித்தது. அப்பாவும் பிள்ளையும் பாட்டியும் ஒரே சோபாவில் இருக்கும் நேரம் அது. தயாரித்தது குழந்தைகள் பிரிவு அல்ல, நாடகப் பிரிவு. அந்தப் பிரிவின் தலைவர் சிட்னி நியூமன் போட்ட திட்டத்தில் ஓர் அறிவியல் ஆசிரியரும் ஒரு வரலாற்று ஆசிரியையும், காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசியுடன் பயணம் போவார்கள். பிள்ளைகள் போகிற போக்கில் பாடமும் கற்றுக்கொள்வார்கள். பூச்சிக்கண் அரக்கர்கள் வேண்டவே வேண்டாம் என்றார் அவர். ஒரு மாதம்கூட முழுதாகப் போகவில்லை, உலோகக் கூட்டுக்குள் இருக்கும் கொலைகார வேற்றுக்கிரகவாசிகளான டாலெக்குகள் வந்துவிட்டன. அன்றிலிருந்து இது குடும்பத்துக்கான தொடராகவும் பயமுறுத்தும் தொடராகவும் சேர்ந்தே ஓடுகிறது. பிரிட்டனில் "சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து பார்ப்பது" என்ற பேச்சுவழக்கே இந்தத் தொடரோடு ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பூச்சாண்டி செய்த வேலையை அங்கே சனிக்கிழமை சாயங்காலம் இது செய்தது.

பெற்றோர் பெரும்பாலும் அரக்கனைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் தொடரின் பழைய சர்ச்சைகளைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. 1964இல் வந்த புகார் ஒரு கத்தரிக்கோலைப் பற்றியது. டாக்டரின் பேத்தி சூசன் மனம் பேதலித்த நிலையில் கத்தரிக்கோலால் படுக்கையைக் குத்துகிறாள். எந்த வீட்டு மேசை டிராயரிலும் கிடக்கிற பொருள், பிள்ளை அப்படியே செய்து பார்க்கும் என்பதுதான் கவலை. 1971இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: கழுத்தை நெரிக்க வரும் பொம்மை, உட்கார்ந்தவரை விழுங்கும் பிளாஸ்டிக் நாற்காலி, மூச்சை அடைக்கும் பிளாஸ்டிக் பூ, முகமூடியை உரித்தால் வெற்று முகம் காட்டும் போலீஸ்காரர். ஆபத்தில் யாரிடம் ஓடு என்று சொல்லிக் கொடுக்கிறோமோ அந்த ஆளே ஆபத்தாகிவிட்டார். வேற்றுக்கிரகத்து உலோகப் பெட்டி பிள்ளையின் படுக்கையறைக்கு வராது. பொம்மை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது.

இதுதான் முதல் அளவுகோல். பயமுறுத்தும் பொருள் உங்கள் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறதா? 2005இல் தொடர் மீண்டு வந்தபோது முதல் எபிசோடான 'ரோஸ்', கடை பொம்மைகள் உயிர்பெற்று நடப்பதில்தான் தொடங்குகிறது. அதைப் பார்த்த ஆறு வயதுப் பிள்ளை தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், புடவை கட்டி நிற்கும் பொம்மை அருகே வர மாட்டேன் என்று அடம்பிடித்தால் அது பிடிவாதம் இல்லை. 2008இல் வந்த நூலகக் கதையில் நிழல்கள் மனிதச் சதையைத் தின்கின்றன. கரண்ட் போன ராத்திரியில் அதன் பலன் தெரியும்.

இரண்டாவது அளவுகோல் வயது. பயம் வயதோடு குறைவதில்லை, வகை மாறுகிறது. ஊடகமும் குழந்தைகளின் பயமும் பற்றி நெடுங்காலம் ஆய்வு செய்த ஜோன் கேன்டர் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். ஐந்தாறு வயது வரை பிள்ளை பயப்படுவது கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை வைத்து. எட்டு வயதுக்கு மேல், நிஜத்தில் நடக்குமா என்பதை வைத்து. 1980களின் ஆய்வில் பள்ளிக்குப் போகாத சிறு பிள்ளைகளை அதிகம் பயமுறுத்தியவற்றில் ஒன்றாகப் பெற்றோர் சொன்னது ஹல்க் தொடரை. ஹல்க் நல்லவன்தானே என்று பெரியவர்களுக்குத் தோன்றும். பிள்ளைகள் கலங்கியது அந்த மனிதன் பச்சை உருவமாக மாறும் கணத்தில். ஓர் ஆள் வேறொரு ஆளாக மாறலாம் என்பது அந்த வயது மூளைக்குப் பிடிபடாத விஷயம்.

டாக்டர் ஹூவில் இது அடித்தளத்திலேயே இருக்கிறது. டாக்டர் சாகும் நிலையில் உருமாறி வேறு நடிகராக எழுந்து வருவார். 1966இல் வில்லியம் ஹார்ட்னெலிடமிருந்து பேட்ரிக் ட்ரௌட்டனுக்கு மாறியது முதல் இதுதான் வழக்கம். ஐந்து வயதுக்குக் கீழே இந்தத் தொடர் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்கு அரக்கர்களைவிட இதுவே பெரிய காரணம். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு இது பயமாக வராது, துக்கமாக வரும். 2010 புத்தாண்டு நாளில் டேவிட் டென்னன்டின் டாக்டர் போக மனமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். ஏழெட்டு வயதுப் பிள்ளை அங்கே தேம்பி அழும். மாற்றம் வரப்போகிறது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்த எபிசோடோடு நிறுத்தாமல் அடுத்ததில் முதல் பதினைந்து நிமிடத்தையும் சேர்த்தே போடுங்கள். புது டாக்டர் மீன் துண்டைக் கஸ்டர்டில் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்து அழுத பிள்ளை சிரித்துவிடும். (அதே காட்சியில் சிறுமியின் படுக்கையறைச் சுவரில் ஒரு விரிசலும் உண்டு. உங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருந்தால் முன்யோசனை தேவை.)

இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம், இரண்டுமே ஸ்டீவன் மொஃபாட் எழுதியவை. 2005இல் வந்த 'த எம்ப்டி சைல்ட்' இரண்டு பாகக் கதை. 1941, குண்டு விழும் லண்டன். விஷவாயு முகமூடி அணிந்த சிறுவன் தெருத்தெருவாக அலைந்து பார்ப்பவரிடமெல்லாம் "நீ என் அம்மாவா?" என்று கேட்கிறான். அவன் யாரைத் தொட்டாலும் அவர் முகமும் முகமூடியாக உருகி மாறும். முதல் பாகம் உச்சத்தில் அறுந்து நிற்கும். ஆனால் இரண்டாம் பாகத்தில் அவன் அம்மா அவனைக் கட்டி அணைக்கிறாள், எல்லோரும் குணமாகிறார்கள், ஒருவர்கூடச் சாவதில்லை. கதை தானே திறந்த பயத்தைத் தானே மூடிவிடுகிறது.

2007இன் 'பிளிங்க்' அப்படி இல்லை. கல் தேவதைச் சிலைகள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அசையாது, இமைத்தால் நெருங்கி வரும். நம் மொழியில் தேவர்களுக்கே இமையவர் என்று பெயர், இமைக்காதவர்கள். இங்கே இமைக்கக் கூடாதவர் மனிதர். ரத்தம் இல்லை, சத்தமும் அதிகம் இல்லை; அதனால் "லேசான எபிசோட்" என்று பலர் ஏமாறுகிறார்கள். டாக்டர் பெரும்பாலான நேரம் திரையில் இல்லை, அதாவது பிள்ளைக்குத் தைரியம் கொடுக்கும் ஆள் இல்லை. முடிவில் ஊரிலுள்ள சாதாரணச் சிலைகளை வரிசையாகக் காட்டி இமைக்காதே என்ற எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறார்கள். பயத்தை மூடவில்லை, கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கலையாகப் பார்த்தால் அபாரம். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். முதல் கதையை எட்டரை, ஒன்பது வயதில் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பாகத்தையும் ஒரே மூச்சில் காட்டலாம்.

ஆக, ஓர் எபிசோடைப் பற்றிக் கேட்க வேண்டியது: பயம் வீட்டுப் பொருளில் இருக்கிறதா, டாக்டர் கூடவே இருக்கிறாரா, கடைசியில் பயம் மூடப்படுகிறதா, இழவு இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு வீட்டு நிலவரமும் சேரும். அப்பாவை இழந்த பிள்ளைக்கு 2005இன் 'ஃபாதர்ஸ் டே' இப்போது வேண்டாம். 2014இன் 'டார்க் வாட்டர்' கதையில், இறந்தவர்கள் தகனத்தின் வலியை உணர்கிறார்கள் என்று ஒரு பேச்சு வருகிறது. பிரிட்டனிலேயே பிபிசிக்குப் பல புகார்கள் போயின. தாத்தாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதைச் சமீபத்தில் பார்த்த பிள்ளை இருக்கும் வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். 2010இல் வின்சென்ட் வான் கோ பற்றி வந்த எபிசோடில் அரக்கன் கண்ணுக்கே தெரியாது, ஆனால் மனச்சோர்வும் தற்கொலையும் உண்டு. பிபிசி ஒளிபரப்பின் முடிவில் உதவி எண்ணே கொடுத்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு பார்த்துப் பேச அதைவிட நல்ல எபிசோட் குறைவு. 2009இன் 'த வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்' அப்படியல்ல. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வதில் முடிகிறது, அதைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள்.

அதிகம் நடக்கும் பிழை, 2005இன் முதல் சீசனை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போடுவது. ஒன்றாவதில் கடை பொம்மை, மூன்றாவதில் எழுந்து நடக்கும் பிணங்கள், நான்கு ஐந்தில் குசு விடும் வேற்றுக்கிரகவாசிகள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நாம் நிம்மதியாக இருப்போம். அந்த ஜந்துக்கள் நெற்றி ஜிப்பைத் திறந்து மனிதத் தோலைக் கழற்றுகின்றன என்பதை மறந்துவிடுவோம். ஆறு, ஏழு வயதுக்குத் தொடங்க 2008இன் 'பார்ட்னர்ஸ் இன் கிரைம்' பரவாயில்லை, அதில் வரும் குட்டிக் கொழுப்பு ஜீவன்களைப் பிள்ளைகள் கொஞ்சவே செய்வார்கள். 2014இன் ராபின் ஹூட் கதையும் தோதானது. எட்டு வயதுக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், பாதிக்கு மேல் பார்க்கலாம். பன்னிரண்டுக்கு மேல் அநேகமாக எல்லாமே.

பார்க்கும் விதத்திலும் சில விஷயங்கள் உண்டு. அந்த மாலை 5 மணிக்கு ஒரு நன்மை இருந்தது: பார்த்து, சாப்பிட்டு, விளையாடி, தூங்கப் போவதற்குள் பயம் ஆறிவிடும். இப்போது இரவு ஒன்பதரைக்குப் போர்வைக்குள் போனில் ஹெட்போன் போட்டுப் பார்க்கிறார்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். ஹெட்போன் வேண்டாம், அது சத்தத்தைத் தலைக்குள் கொண்டுவைக்கிறது. பயக் காட்சியில் பிள்ளை கண்ணைத்தான் மூடும், காது திறந்தே இருக்கும். வால்யூமைப் பாதியாகக் குறையுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், மொழி. டாக்டர் படபடவென்று பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசுவார். எட்டு வயதுப் பிள்ளையால் சப்டைட்டிலை அந்த வேகத்தில் படிக்க முடியாது. அரக்கனைக் காட்டும் படம் முழுசாகப் போய்ச் சேரும். அவன் ஏன் அப்படி இருக்கிறான், எப்படிச் சரியானான் என்ற விளக்கம் வசனத்தில் இருக்கிறது, அது போய்ச் சேராது. லண்டன் பிள்ளையைவிட மதுரைப் பிள்ளைக்கு அதே எபிசோட் கூடுதலாகப் பயமுறுத்துவது இதனால்தான். பாஸ் பட்டனை அழுத்தி இரண்டு வரியில் தமிழில் சொல்லுங்கள்.

நடுவில் நிறுத்துவதானால் உச்சக் கட்டத்தில் நிறுத்தாதீர்கள். 1976இல் டாக்டரின் தலையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்த காட்சியோடு எபிசோடை உறையவைத்து முடித்தார்கள். டிவியில் வன்முறையும் ஆபாசமும் கூடாது என்று பிரிட்டனில் போராடிய மேரி ஒயிட்ஹவுஸ் எழுப்பிய புகாரின் சாரம், பிள்ளை அந்தப் படத்தை ஒரு வாரம் சுமக்கும் என்பது. அவருடைய மற்ற புகார்கள் பலவற்றை ஏற்க முடியாது, இது நியாயமானது. இன்று அடுத்த எபிசோட் பத்து விநாடியில் வரும். "போதும், போய்த் தூங்கு" என்று நாம் அணைக்கும்போதுதான் அந்தப் பழைய ஒரு வாரத்தை நாமே உண்டாக்குகிறோம். நேரமில்லை என்றால் முடிவை வாயால் சொல்லிவிட்டு அணையுங்கள்.

பயந்துவிட்ட பிள்ளையிடம் "அதெல்லாம் பொய்டா" என்பது ஏழு வயதுக்குக் கீழே எடுபடாது. மடியில் வைத்துக்கொள்வது, குடிக்க ஏதாவது கொடுப்பது, விளக்கைப் போட்டுச் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பது எடுபடும். பெரிய பிள்ளைக்கு, உடையும் முகமூடியும் செய்வதைக் காட்டும் வீடியோ உதவும். பிள்ளை அந்தப் பயத்தை விளையாட்டாக்கினால் நல்ல அறிகுறி. 1960களின் நடுவில் பிரிட்டிஷ் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு டாலெக்காக நடந்தார்கள். பயந்ததையே நடித்துப் பயத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். விளையாடவும் மாட்டேன், பேசவும் மாட்டேன், கழிவறைக்குத் தனியாகப் போக மாட்டேன் என்று இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் ஆலோசகரைப் பாருங்கள்.

பெயரைப் பார்த்து ஏமாற ஒரு இடம் உண்டு. 'டார்ச்வுட்' என்பது டாக்டர் ஹூ என்ற ஆங்கில எழுத்துகளையே கலைத்து அடுக்கிய பெயர். கிளைத் தொடர்தான், ஆனால் பெரியவர்களுக்காகவே எடுத்தது, பாலியல் காட்சிகளும் உண்டு. 'த சாரா ஜேன் அட்வென்சர்ஸ்' பிபிசியின் குழந்தைகள் சேனலுக்காக 2007 முதல் எடுத்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதையே முதலில் போடலாம். இந்தியாவில் 2021 விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்துகின்றன. தொடரின் முகப்பில் தெரிகிற ஒற்றை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2005இல் 'டாலெக்' எபிசோட் அடங்கிய டிவிடிக்கு பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் 12 சான்று கொடுத்தது. காரணம் டாலெக் செய்த கொலைகள் அல்ல. சங்கிலியில் கட்டிக் கிடந்த டாலெக்கை டாக்டர் வதைத்தது. பிள்ளைகள் பின்பற்றும் ஆள் அப்படிச் செய்யலாமா என்ற கேள்வி. எந்த எண்ணும் அந்த நுணுக்கத்தைக் காட்டாது.

பெரியவர்களுக்கு ஏற்றதா என்று கேட்டால், 2018இல் வினய் படேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' ஒன்றைப் பாருங்கள், 1947 பிரிவினை நாளில் நடக்கும் கல்யாணக் கதை. பிள்ளைக்காகப் பார்ப்பதானால் முதல் நாளே ஒன்றே கால் மடங்கு வேகத்தில் தனியாக ஓட்டிவிடுங்கள், 45 நிமிட எபிசோட் 36 நிமிடத்தில் முடியும். எந்த நிமிடத்தில் வால்யூமைக் குறைக்க வேண்டும், எங்கே பாஸ் போட்டுப் பேச வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து ரிமோட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.