லேசருக்குத் தெரிந்தது கறுப்பு நிறம் மட்டும்தான்

போன மாதம் ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை கழுத்துவரை சால்வையைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். எடுக்கச் சொல்லிப் பார்த்தால் நாடிக்குக் கீழே சின்னச் சின்னச் சதுரங்களாகக் கறுத்த தடம், முடி நீக்கும் லேசர் கருவியின் முனையை வைத்த இடமெல்லாம் அச்சுக் குத்தியது போல. "என்ன லேசர் அடித்தார்கள்?" "தெரியாது டொக்டர், மூன்று தரம் வந்தால் முடியே வராது என்றார்கள்."

லேசர் ஒளியை உறிஞ்சுவது முடியிலுள்ள மெலனின் என்ற நிறமி. அது சூடாகி, அந்தச் சூடு வேருக்கு இறங்கி, முடி முளைக்கும் இடத்தைச் சுடுகிறது. நரைமுடியில் மெலனின் இல்லை, அதனால் அதற்கு லேசர் பலிக்காது. ஆனால் அதே மெலனின் நம் தோலிலும் தாராளமாக இருக்கிறதே! 755 நானோமீற்றர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெளிர்ந்த தோலுக்குச் சரி, நம் நிறத்தில் அது மேல்தோலையே சுட்டுவிடலாம். நமக்குப் பாதுகாப்பானது 1064 நானோமீற்றர் என்டி-யாக் என்ற லேசர், அதை மேல்தோல் அவ்வளவாக உறிஞ்சாது, ஆழமாகவும் போகும். படுக்கையில் ஏறுமுன் எந்த லேசர் என்று கேளுங்கள், முதலில் ஒரு சிறு இடத்தில் மட்டும் அடித்துப் பார்க்கவும் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த "மூன்று தரம்". எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை, வளர்ந்துகொண்டிருப்பதுதான் லேசரில் சிக்கும், ஓய்வில் கிடப்பது தப்பிவிடும். அதனால்தான் 4 முதல் 6 வார இடைவெளியில் 6 தரமாவது தேவைப்படுகிறது, அதற்குப் பிறகும் முடி குறையும், மெலியும், அவ்வளவுதான். இடையில் நூலால் முடி எடுத்தால் வேரோடு பிடுங்கிவிடுகிறீர்கள், லேசருக்குப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. சவரம் செய்யலாம், அதனால் முடி தடிக்காது.

மலைநாட்டில் குளிர்தானே என்று வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், மலையில் நின்று கறுத்த தோலில் உடனே லேசர் பட்டால் எரியும்.

அந்தப் பிள்ளையிடம் அங்கே யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானாம். நாடியில் தடித்த முடியும் இதுவும் சேர்ந்தால் பிசிஓஎஸ் என்ற ஹோர்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், ஹோர்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் அடித்தால் புது முடி வந்துகொண்டே இருக்கும். இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்து, அடுத்த முறை அம்மாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். இந்த விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவே இல்லையாம்.