ஆட்குறைப்பு: ‘நிப்பாட்டிட்டாங்க’ என்றால் சட்டத்துக்குப் போதாது

திருகோணமலையில் யாருக்கு வேலை போனாலும் நாம் சொல்வது ஒன்றுதான், ‘நிப்பாட்டிட்டாங்க’. களவில் பிடிபட்டுப் போனவருக்கும் அதே சொல், செப்டெம்பரோடு சீசன் முடிந்ததும் ‘ஏப்ரலில் பார்ப்போம்’ என்று நிலாவெளி ஹோட்டலில் இருந்து அனுப்பப்பட்ட பொடியனுக்கும் அதே சொல். முதலாவது பணிநீக்கம், அதாவது ஒழுக்காற்றுத் தண்டனை. ஆள் எந்தத் தப்பும் செய்யாமல், தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காக மட்டும் நிப்பாட்டினால் அதற்குப் பெயர் ‘ரிட்ரென்ச்மென்ட்’, தமிழில் ஆட்குறைப்பு.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, வெட்டிக் கழிப்பது என்று பொருள். பதுங்குகுழியைச் சொல்லும் ‘ட்ரென்ச்’சும் அதே வேர்தான். ஒரு காலத்தில் கோட்டைக்குள் இரண்டாவதாக எழுப்பும் காப்பரணுக்கும் இதே பெயர் இருந்தது. தமிழ்ச் சொல்லில் ஒளிவுமறைவே இல்லை: ஆள் + குறைப்பு, நாள் + குறிப்பு நாட்குறிப்பு ஆவதுபோல ளகரம் டகரமாகிறது. ‘மறுசீரமைப்பு’ என்று கடிதத்தில் அழகாக எழுதுகிறார்களே, அதைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

1957இல் பிரித்தானியக் கடற்படை இங்குள்ள தளத்தைக் கையளித்தபோது டொக்யார்ட் தொழிலாளருக்கு வேலை போனது. கறாராகப் பார்த்தால் அது ஆட்குறைப்பு அல்ல, மூடல். வேலை போனவர்கள் முறையிடும் தொழில் நியாய சபைகளை உருவாக்கிய திருத்தச் சட்டமும் அதே வருடம்தான் வந்தது. ஆனால் முதலாளியின் கையை உண்மையில் கட்டிப்போட்டது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். தண்டனையாக இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும், நிறுவனத்தை இழுத்து மூடுவதும்கூட இந்தச் சட்டத்தில் ‘முடிவுறுத்தல்’தான். ஆக அந்தச் சீசன் பொடியன், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் 180 நாள் வேலை பார்த்திருந்தால், ‘ஏப்ரலில் பார்ப்போம்’ என்ற ஒரு வாய்வார்த்தையோடு அவனை அனுப்பிவிட முடியாது.

சம்மதம் என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். ‘சும்மா ஒரு கையெழுத்து, காசு கெதியா வரும்’ என்று நீட்டுகிற தாளில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். பணிவிலகல் என்று இருந்தால் நீங்களாகவே விலகினீர்கள் என்றாகிவிடும், பிறகு ‘என்னைக் குறைத்தார்கள்’ என்று நிறுவுவது பெரும்பாடு. ஆணையாளர் அனுமதியோடு நடந்தால் நட்டஈட்டுக்குக் கணக்கு உண்டு: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும், உச்சவரம்பு 25 இலட்சம் ரூபாய். பணிக்கொடை இதில் சேராது, ஐந்து வருடம் முடித்தவருக்கு அது தனியாக வரவேண்டிய காசு.

தொழிற்சங்கம் இருக்கிற இடத்தில் கதை கொஞ்சம் மாறும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அது சங்கத்துக்கும் போக வேண்டும். ஊழியரில் 40 சதவீதம் பேர் ஒரு சங்கத்தில் இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேரம் பேச மாட்டேன் என்று முதலாளி சொல்ல முடியாது, 1999 திருத்தம் அதை முறையற்ற தொழில் நடைமுறை என்கிறது. முதலாளி ஆளை நிறுத்தாமல், பிணக்கு நேரத்தில் கேட்டைப் பூட்டி வைத்தால் அது கதவடைப்பு, வேறு சங்கதி. இரண்டையும் ஒன்றாக எழுதும் செய்திகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

எட்டுப் பேர் வேலை செய்கிற உப்புவெளி விருந்தினர் விடுதிக்கு 1971 சட்டம் பொருந்தாது. அதற்காக அங்கே நிப்பாட்டப்பட்டவர் சும்மா இருக்க வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம்.