இம்யூன் ரெஸ்பான்ஸ்: ‘நோய் எதிர்ப்பு’ என்றால் போதுமா?

‘ஆட்டோஇம்யூன் நோய்’ என்பதைச் ‘சுய நோய் எதிர்ப்பு நோய்’ என்று எழுதிப் பாருங்கள். நோயை எதிர்ப்பதே ஒரு நோயா என்று வாசகர் திகைப்பார். பூந்துகள் பட்டுத் தும்முவதையும், மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுப்பதையும் ‘நோய் எதிர்ப்பு’ என்று சொன்னால் அதே சிக்கல்தான். பூந்துகளும் நோயல்ல, சிறுநீரகமும் நோயல்ல. ஆனால் இம்மூன்றையும் ஆய்வுக் கட்டுரைகள் ஒரே பெயரில்தான் குறிக்கின்றன: இம்யூன் ரெஸ்பான்ஸ். பழியை முழுக்க மொழிபெயர்ப்பாளர் மேல் போட முடியாது. பாதிச் சிக்கல் மூலச்சொல்லிலேயே இருக்கிறது.

லத்தீனில் ‘மூனுஸ்’ என்றால் ஊருக்கும் அரசுக்கும் ஒருவர் செய்தாக வேண்டிய கடமை, கொடுக்க வேண்டிய வரி. அந்தக் கடமை இல்லாதவர் ‘இம்மூனிஸ்’. ரோமானியப் படையில் குழி வெட்டுதல், காவல் நிற்றல் போன்ற அன்றாட வேலைகளிலிருந்து விலக்குப் பெற்ற கைவினைஞர்களும் எழுத்தர்களும் இந்தப் பெயரால்தான் அழைக்கப்பட்டனர். இதற்கு நேரான தமிழ்ச்சொல் கல்வெட்டுகளில் இருக்கிறது: இறையிலி. இறை என்றால் வரி. வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலம் இறையிலி. சட்டத் துறையில் இந்தப் பொருள் இன்னும் மாறவில்லை. தூதர்களுக்கு உள்ள ‘இம்யூனிட்டி’யை விலக்குரிமை என்று எழுதுகிறோம், அதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

மருத்துவம் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியதும் இதே பொருளில்தான். ஒருமுறை அம்மை கண்டவருக்கு மறுபடி வருவதில்லை. நோய் அவரிடம் வரி கேட்பதில்லை. கவனிக்க வேண்டியது, இச்சொல் ஒரு நிலையைச் சொல்கிறது. அந்த நிலை எப்படி வந்தது, உடல் அதற்காக என்ன செய்தது என்பதைப் பற்றி அதில் ஓர் எழுத்துகூட இல்லை. 1890இல் எமில் பெரிங்கும் கிட்டசாட்டோ ஷிபசபுரோவும் தடுப்பேற்றிய விலங்கின் ஊநீரை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், அதாவது சீரம்) இன்னொரு விலங்குக்குச் செலுத்தி, காப்பையும் கூடவே கடத்திக் காட்டினர். மறு ஆண்டு பால் எர்லிக் ‘ஆன்டிபாடி’யின், அதாவது எதிர்ப்பொருளின், ஜெர்மன் மூலச்சொல்லைப் பயன்படுத்தினார். உடல் ஏதோ ஒன்றை உண்டாக்குகிறது என்பது அப்போது தெளிவாகிவிட்டது. அந்தச் செயலுக்குத்தான் பெயர் இல்லை.

அந்தக் குறையில் கைவைத்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே (1874–1929). தொண்டை அடைப்பான் முதலிய நோய்களுக்கு அக்காலத்தில் குதிரை ஊநீரைக் குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டு வந்தனர். சிலருக்கு 8 முதல் 12 நாள் கழித்துக் காய்ச்சல், தோல் தடிப்பு, மூட்டுவலி, நிணநீர்க் கணு வீக்கம் எல்லாம் வந்தன. ஊநீரில் நஞ்சு இருந்திருந்தால் போட்ட அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஏன் ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கிறது? அதைவிட வியப்பு, அதே குழந்தைக்குப் பின்னொரு நாள் இரண்டாம் முறை ஊசி போட்டால் காத்திருப்பே இல்லை. சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் எல்லாம் வந்துவிடும்.

பேலா ஷிக்குடன் சேர்ந்து இதை ஆராய்ந்து பிர்க்கே 1905இல் ஊநீர் நோய் பற்றிய நூலை வெளியிட்டார். அவர் கண்ட விடை இதுதான்: காத்திருக்கும் நாட்கள் கிருமிக்கோ நஞ்சுக்கோ உரியவை அல்ல, உடலுக்கு உரியவை. எதிர்ப்பொருளை உண்டாக்க உடலுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அது வந்து சேரும்போது குதிரைப் புரதம் இரத்தத்தில் இன்னும் மிச்சம் இருந்தால் இரண்டும் மோதுகின்றன; அந்த மோதல்தான் நோய். இரண்டாம் முறை உடல் முன்பே பழகியிருப்பதால் விரைந்து செயல்படுகிறது. ஆக, காக்கும் வேலையையும் வருத்தும் வேலையையும் செய்வது ஒரே பொறிதான்.

1906இல் அவர் எழுதிய குறுங்கட்டுரை, சொல்லைப் பற்றியது என்பதால் நமக்கு இன்னும் நெருக்கமானது. ‘இம்யூனிட்டி’ என்றால் விலக்கு. ‘மிகையுணர்வு’ என்றால் அதற்கு நேர்மாறு. ஒரே குழந்தையிடம் ஒரே காரணத்தால் தோன்றும் இரண்டுக்கும் முரணான பெயர்கள் ஏன் என்று கேட்டார். கிரேக்கத்தில் ‘வேறு’, ‘செயல்’ என்று பொருள்படும் இரு வேர்களைச் சேர்த்து ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல் அடுத்த முறை மாறிய விதத்தில் செயல்படுவதே அலர்ஜி. அது கூடலாம், குறையலாம், காக்கலாம், தாக்கலாம். நாம் தேடும் பொதுச்சொல்லுக்கு மிக அருகில் வந்தது அதுதான். ஆனால் மக்கள் வாயில் அது ‘ஒவ்வாமை’ என்ற ஒரு மூலைக்குச் சுருங்கிவிட்டது. பொதுச்சொல் தேவைப்பட்ட இடத்தில் ‘இம்யூன்’ என்ற பழைய விலக்குச் சொல்லோடு ‘ரெஸ்பான்ஸ்’ என்ற செயல்சொல்லை ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள். ‘ஆட்டோஇம்யூன்’ எழுத்துக்கு எழுத்து ‘தன்னிடமிருந்து விலக்குப் பெற்றது’ என்று பொருள்படும். ஆங்கிலத்திலும் அது அபத்தம்தான், பழகிவிட்டதால் உறுத்துவதில்லை.

இனித் தமிழ். பேச்சிலும் நாளிதழிலும் ‘நோய் எதிர்ப்புச் சக்தி’. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நோய்த்தடைக்காப்பு’. இலங்கைப் பாடநூல்களில் ‘நிர்ப்பீடனம்’. கலைச்சொல் எழுதுவோரிடையே ‘தடுப்பாற்றல்’ என்பதும் உண்டு. இவற்றில் ‘சக்தி’தான் அதிகம் கெடுக்கிறது. சக்தி என்றதும் தண்ணீர்த் தொட்டிபோல ஓர் அளவு மனத்தில் வருகிறது. கூட்டலாம், குறையும், நிரப்பலாம். விளம்பரங்கள் இந்தப் படத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. உண்மையில் ஒருவருக்குத் தட்டம்மைக்கு எதிராக முழுக் காப்பு இருக்கும். அதே நாளில் தொண்டை அடைப்பானுக்கு எதிராக ஒன்றுமே இருக்காது. இரண்டையும் கூட்டி ஒரே அளவாகச் சொல்ல வழியில்லை. ‘நிர்ப்பீடனம்’ சமஸ்கிருத வேர் உடையது. பீடை இல்லாமை என்று விரியும். வேறு வகையில் எப்படியோ, இல்லாமையைச் சொல்வதில் மூல லத்தீனுக்கு மிக நெருக்கமானது அதுவே.

‘ரெஸ்பான்ஸ்’ பகுதிக்கு நல்ல சொல் முன்பே கையில் இருக்கிறது. உயிரியலிலும் உளவியலிலும் ‘தூண்டல்–துலங்கல்’ என்று படித்திருக்கிறோம். ‘எதிர்வினை’ இங்கே சரிவராது. அது ‘ரியாக்‌ஷன்’ என்பதற்குப் பழகிவிட்டது, தடுப்பூசிக் கட்டுரையில் ‘எதிர்வினை’ என்றால் பக்கவிளைவு என்றே வாசிப்பார்கள். ‘பதில்’, ‘மறுமொழி’ இரண்டும் பேச்சைச் சேர்ந்தவை. எனவே எங்கள் பரிந்துரை: ‘நோய்’ என்ற முன்னொட்டை விட்டு, தடைக்காப்புத் துலங்கல். இலங்கை வாசகருக்கு நிர்ப்பீடனத் துலங்கல். ‘ஆட்டோஇம்யூன் ரெஸ்பான்ஸ்’ என்பதைத் ‘தன்மீதான தடைக்காப்புத் துலங்கல்’ என்று எழுதலாம். நீளம்தான், ஆனால் எது எதன்மேல் பாய்கிறது என்பது தெரியும்.

நிலையையும் துலங்கலையும் பிரிக்காவிட்டால் கட்டுரையின் முடிவே தலைகீழாகும். எதிர்ப்பொருள் அளவைத் தரும் ‘டைட்டர்’ இதற்கு எடுத்துக்காட்டு. ஊநீரை 1:8, 1:16, 1:32 என ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், விளைவு தெரியும் கடைசி நீர்ப்பைக் குறிப்பதே டைட்டர். அது செறிவு அல்ல. மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று மாற்றி எழுதக் கூடாது. ‘நான்கு மடங்கு உயர்வு’ என்றால் இரண்டு படி, அதாவது 1:8இலிருந்து 1:32. ‘நான்கு படி’ என்று எழுதினால் 16 மடங்கு ஆகிவிடும். ஒரு படி வேறுபாடு குழாயில் ஊற்றும் பிழையாலேயே வரக்கூடும் என்பதால்தான் இரண்டு படி கேட்கிறார்கள். இதற்கு 2 முதல் 4 வாரம் இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளை ஒன்றாக வைத்துச் சோதிக்க வேண்டும். எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தால் முதல் சில குழாய்களில் திரட்சியே (துகள்கள் கட்டியாகச் சேரும் விளைவு) தெரியாமல் போவதும் உண்டு. முதல் குழாயை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று எழுதியவர்கள் உண்டு. இவ்வளவும் சரியாகச் செய்தாலும் டைட்டர் காட்டுவது துலங்கலை. காப்பு இருக்கிறதா என்பதைத் தனியே நிறுவ வேண்டும்.

‘இம்யூன் ரெஸ்பான்ஸ்’ என்பதை ‘எதிர்ப்பொருள் உருவாதல்’ என்று சுருக்குவதும் பிழை. பிர்க்கே 1907இல் அறிமுகப்படுத்திய டியூபர்குலின் (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சாறு) தோல் சோதனையே சான்று. இன்று செய்யும் முறையில் 0.1 மில்லிலிட்டர் டியூபர்குலினை முன்கையின் தோலுக்குள் செலுத்துவார்கள். உடனே 6 முதல் 10 மில்லிமீட்டர் வெளிறிய புடைப்பு எழ வேண்டும். எழாவிட்டால் ஊசி ஆழமாக இறங்கிவிட்டது, வேறிடத்தில் மறுபடி போட வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்தில் அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, கைக்குத் தட்டுப்படும் கடினத் தடிப்பை, அதுவும் முன்கையின் குறுக்கே. ஆளின் நிலையைப் பொறுத்து 5, 10 அல்லது 15 மில்லிமீட்டரை எல்லையாகக் கொள்வார்கள். இந்தத் தடிப்பை உண்டாக்குபவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள்; எதிர்ப்பொருளுக்கு இதில் பங்கில்லை. இரண்டு நாள் தாமதத்துக்குக் காரணமும் அதுதான். தடிப்பு வந்தவருக்குக் காசநோய் வராது என்றும் பொருளில்லை, வந்திருக்கிறது என்றும் பொருளில்லை. அவர் உடல் அந்தக் கிருமியையோ, பிசிஜி தடுப்பூசியில் உள்ளது போன்ற உறவுக் கிருமி ஒன்றையோ முன்பே சந்தித்திருக்கிறது, அவ்வளவே.

1908இல் பிர்க்கே இன்னொன்றையும் பதிவு செய்தார். டியூபர்குலினுக்குத் தடிப்புக் காட்டிவந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டதும் அந்தத் தடிப்பு வராமல் போனது, பின்னர் மீண்டது. இதை ‘தட்டம்மையால் நோய் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது’ என்று எழுதினால், திரும்பி வந்ததை விளக்க முடியாது. ‘டியூபர்குலினுக்கான துலங்கல் தற்காலிகமாக அடங்கியது’ என்று எழுத வேண்டிய இடம் இது.